கடிபட்ட அளவுக்கட்டை

அருங்காட்சியகத்தில் அவருக்குச் 'சிரிங்க' என்று பெயர். அலுவலகத்துக் கணக்கில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் திரும்புவார். முன்பு பல வருடம் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். புது ஜோடிகளையும், பாஸ்போர்ட்டுக்காக முறைத்துக்கொண்டு உட்காரும் மனிதர்களையும் படம் எடுத்துப் பழகிய நாக்கு அது. இப்போது அவர் முன்னால் வந்து உட்காருபவை உடைந்த பானையும் மூக்குப் போன மண் பொம்மையும்தான். இருந்தும் பொத்தானை அழுத்தும் முன் வாய் தானாகச் சொல்லிவிடும்: "சிரிங்க." இதுவரை ஒரு பானையும் சிரித்ததில்லை. அவரும் விடுவதாக இல்லை.

அவருடைய அறை கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. இருந்த ஒரு ஜன்னலையும் கறுப்புத் துணி போட்டு அடைத்துவிட்டார்கள். ஒரு மேசை, அதன்மேல் சுவரிலிருந்து வழிந்து இறங்கும் சாம்பல் நிறத் தாள், இரண்டு பக்கமும் வெள்ளைத் துணி போர்த்திய விளக்குகள், நடுவில் முக்காலியில் கேமரா. பொருள்களைப் பாதுகாக்கும் அம்மா ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சு விரித்த தட்டில் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைப்பார். முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம், அடிப்பக்கம் ஒரு படம். முடிந்தால் அடுத்தவர் வரலாம். மனிதர்களைவிட இவர்கள் எவ்வளவோ மேல் என்பது சிரிங்கவின் கட்சி. கண்ணை மூட மாட்டார்கள். "என் மூக்கு ஏன் இவ்வளவு பெருசா விழுந்திருக்கு?" என்று சண்டைக்கும் வர மாட்டார்கள்.

ஒவ்வொரு பொருளுக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டை படுத்திருக்கும். கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறிக் கட்டம் போட்டது. ஒரு கட்டம் ஒரு சென்டிமீட்டர். அளவுக்கட்டை என்பார்கள். அது இல்லாவிட்டால் படத்தில் ஆளுயரத் தாழியும் கட்டைவிரல் உயரக் கிண்ணமும் அண்ணன் தம்பி போல ஒரே உயரத்தில் நிற்கும். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கேட்டிருந்த அளவுக்கட்டை வந்து சேரவில்லை. இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று காத்திருந்து அலுத்துப்போய், ஒரு பழைய படச் சட்டத்தில் மிஞ்சிய மரத்தை அவரே இழைத்து, கோடு போட்டு, பெயின்ட் அடித்தார். தற்காலிகம் என்றுதான் செய்தது. தற்காலிகமாகச் செய்தவைதானே நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கின்றன.

அவருக்கு மகள் பிறந்து பத்து மாதம் ஆகியிருந்தபோது, கட்டையில் பெயின்ட் தேய்ந்துவிட்டது என்று ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பையைத் தரையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வந்து பார்த்தால், குட்டி சம்மணம் போட்டு உட்கார்ந்து கட்டையின் ஒரு மூலையை மும்முரமாகக் கடித்துக்கொண்டிருக்கிறது. மேல் வரிசையில் புதிதாக முளைத்திருந்த இரண்டு பல்லும் அப்படியே மரத்தில் பதிந்துவிட்டன.

அவர் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். எதில் என்ன கலந்திருக்கும் என்று தெரிந்தவள், அதனாலேயே எல்லாவற்றுக்கும் பயப்படுபவள். குழந்தையின் வாயைக் கழுவிய கழுவலில் குழந்தையும் அழுதது, அவளும் அழுதாள்.

"பெயின்ட் அடிச்ச கட்டையைக் குழந்தை கைக்கு எட்டுற இடத்துலயா வைப்பீங்க? மூளைன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் போட்டோ எடுக்கக் குடுத்துட்டீங்களா?"

அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது அவளுடைய நிரந்தரப் புகார். நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

கட்டைக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடிபட்ட மூலை முதல் கட்டத்துக்கு வெளியே இருந்ததால் அளவு கெடவில்லை. அவர் புதிதாகப் பெயின்ட் அடித்தபோது அந்த மூலையை மட்டும் தொடாமல் விட்டுவிட்டார். வேறொரு கட்டை செய்ய அரை நாள் போதும். செய்யவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் மேசைக்கு வந்த அத்தனை பொருள்களுக்குப் பக்கத்திலும் அந்தப் பல் தடம்தான் படுத்திருந்தது.

சில வருடங்களுக்கு முன் அருங்காட்சியகம் தன் படங்களையெல்லாம் இணையத்தில் திறந்துவிட்டது. பல அருங்காட்சியகங்கள் சேர்ந்து நடத்தும் பொதுத்தளம் அது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், அச்சடிக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம், பனியனில்கூடப் போட்டுக்கொள்ளலாம். ஒருவரையும் கேட்க வேண்டாம், காசும் வேண்டாம். கூட்டத்தில் இதை அறிவித்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். சிரிங்க மட்டும் பக்கத்து நாற்காலிக்காரரிடம் மெதுவாகக் கேட்டார்: "யாரு சார் பாக்கப் போறா?" படத்தின் கீழே எடுத்தவர் பெயர் வராது, அருங்காட்சியகத்தின் பெயர்தான் வரும். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. சரி, கொஞ்சம் இருந்தது. கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

கட்டையைக் கடித்த அந்த மகளுக்கு இப்போது பதினொரு வயது. வீட்டில் இன்னும் குட்டிதான். பள்ளிக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய அவசியமே வருவதில்லை. அவள் கை தூக்குவதில்லை. ஒரு காலத்தில் தூக்கிய கையை இறக்காதவள் அவள். நாலாம் வகுப்பில், வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். வரைபடத்தில் வடக்கு மேலேதானே இருக்கிறது? இவள் முதல் ஆளாக எழுந்து நின்று கூரையைக் காட்டினாள். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. "என்ன, வடக்குல ஃபேன் சுத்துதா?" என்று வாரக்கணக்கில் கேலி. அன்றைக்கு இறங்கிய கை இறங்கியதுதான். வீட்டுக்கு வந்து சொல்லி அழுதபோது அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு இருந்துவிட்டார். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் என்று அவருக்கு இன்றைக்கும் மனசு வலிக்கும்.

அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்பதே அவளுக்குச் சரியாகத் தெரியாது. சின்ன வயதில் கேட்டபோது, "வெளிச்சம் பாத்து வைக்கிறதுதான் என் வேலை" என்று சொன்னார். பொய்யில்லை, அவர் தொழிலில் முக்கால்வாசி அதுதான். குழந்தை அதை வைத்துக்கொண்டு, அப்பா அருங்காட்சியகத்தில் காலையில் லைட்டைப் போட்டுச் சாயங்காலம் அணைப்பவர் என்று முடிவு கட்டிவிட்டது. ஒன்றாம் வகுப்பில் 'என் அப்பா' என்று வரைந்த படத்தில் ஒரு மனிதரும், அவரைவிடப் பெரிய ஒரு ஸ்விட்சும் இருந்தன. அந்தப் படம் இன்னும் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அழகாக இருந்ததால் திருத்த யாருக்கும் மனம் வரவில்லை. "எங்க அப்பா லைட்டு போடுறவர்" என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வளர வளர அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள்.

இந்த வருடம் அவள் வகுப்புக்கு ஒரு வரலாற்று டீச்சர் வந்தார். சின்ன வயது, மூன்று வகுப்பறை தாண்டிக் கேட்கும் குரல். புத்தகத்தில் பண்பாடு என்ற பாடம் மொத்தமே ஒன்றரைப் பக்கம், அதில் பாதி கேள்விகள். டீச்சர் புத்தகத்தை மூடச் சொன்னார். பொதுத்தளத்திலிருந்து ஒரே அருங்காட்சியகத்தின் படங்களை எடுத்து அச்சடித்து, கீழே இருந்த விளக்கத்தையெல்லாம் கத்திரிக்கோலால் வெட்டித் தன்னிடம் வைத்துக்கொண்டு, குழுவுக்கு ஒரு கட்டாகக் கொடுத்தார். எது எவ்வளவு பழசு என்பதை மட்டும் சொன்னார்.

"முதல்ல கண்ணால பாத்ததைச் சொல்லுங்க. அப்புறம் மனசுல நினைச்சதைச் சொல்லுங்க. நான் வாயைத் திறக்கவே மாட்டேன்."

வாயைத் திறக்காமல் இருப்பது அவருக்கு எவ்வளவு பெரிய தவம் என்று பள்ளிக்கூடத்துக்கே தெரியும். பெற்றோர் வரும் நாளில் ஒவ்வொரு குழுவும் தன் முடிவை மேடையில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு டீச்சர், வெட்டிய விளக்கத்தை ஒட்டி மடித்து வைத்திருக்கும் அட்டையைத் திறந்து உண்மையை வாசிப்பார். கணிப்பு தப்பாகப் போனால் கை தட்டல் இரண்டு மடங்கு. இதுதான் விளையாட்டின் விதி.

ஒரு சாயங்காலம் சிரிங்க வீட்டுக்குள் நுழையும்போதே மகள் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, செருப்பை அப்புறம் கழட்டிக்கலாம். முதல்ல இங்க வாங்க."

மேசை முழுக்க அச்சடித்த படங்கள். எலும்புச் சீப்பு, மண் குதிரை, செம்புக் கிண்ணம், பிடி மட்டும் மிஞ்சிய வாள். அவருக்கு ஒரு கணம் நெஞ்சு நிறைந்துவிட்டது. எல்லாம் அவருடைய ஆட்கள். மண் குதிரையின் காதோரம் விழுந்த நிழலை விரட்ட அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். 'யாரு பாக்கப் போறா' என்று கேட்டாரே, அவர் பெற்ற பெண்ணே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"குட்டி, இதெல்லாம் வந்து..." என்று ஆரம்பித்தார்.

"பொருளை விடுங்கப்பா. எல்லாக் குழுவும் அதைத்தான் பாத்துட்டிருக்கு. பக்கத்துல ஒரு பலகை இருக்கு பாருங்க. கறுப்பு வெள்ளை."

பார்த்தார்.

"சீப்பு ரொம்ப ரொம்பப் பழசு. வாள் அதுக்கு எத்தனையோ தலைமுறைக்கு அப்புறம் வந்தது. ஆனா எல்லாத்துக்கும் பக்கத்துல இந்தப் பலகை. இதே மாதிரிப் பலகை இல்லப்பா, இதே பலகை! எப்படிக் கண்டுபிடிச்சோம் சொல்லுங்க?"

அவருக்குத் தெரியும்.

"மூலையில கடிச்சிருக்கு! எல்லாப் படத்துலயும் அதே மூலை, அதே ரெண்டு தடம். டீச்சர் கம்ப்யூட்டர்ல பெருசாக்கிக் காட்டினாங்க, மரத்துல ஓடுற கோடுகூடத் தெரியுது. முதல்ல பாத்தது யாருன்னு நினைக்கிறீங்க? நான்தான்!"

ஆயிரம் வருடமாக ஒரே பலகை. ராஜா கையிலிருந்து ராஜா கைக்கு வந்தது. ஒவ்வொருவரும் தன் அருமையான பொருள்களுக்குப் பக்கத்தில் அதை வைத்திருக்கிறார்கள். இதுதான் அவள் குழுவின் கண்டுபிடிப்பு. கடித்தது எலி என்றான் ஒருவன், நாய்க்குட்டி என்றாள் ஒருத்தி. இவள் ஒப்பவில்லை. தோழியின் தம்பிப் பாப்பாவிடம் களிமண் உருண்டையை நீட்டி, அவன் அம்மா பார்க்காத நேரத்தில் கடிக்க வைத்து, பலகையின் கட்டத்தையே அளவாக வைத்து இரண்டு தடத்தையும் ஒப்பிட்டிருக்கிறாள். கடித்தது குழந்தைதான். முதன்முதலில் பலகையைச் செய்த ராஜாவின் குழந்தை.

அவருக்குத் திருடனைத் தேள் கொட்டியது போல ஆயிற்று. கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

"டீச்சர் என்னைத்தான் மேடையில பேசச் சொல்லியிருக்காங்க" என்றாள் மகள். "நானும் சரின்னுட்டேன்."

அவள் கண் அப்படி மின்னி அவர் பார்த்து எவ்வளவோ நாள் ஆகிவிட்டது. சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற மனைவி படத்தைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது.

மகள் குளிக்கப் போன சமயத்தில் பஞ்சாயத்து நடந்தது.

"சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொன்னா மறுபடி கையை இறக்கிடுவா. இப்பத்தான் தூக்கியிருக்கா."

"சொல்லாம விட்டா? அத்தனை பேர் நடுவுல யாராவது எழுந்து, 'ஏம்மா, இது அளவு பாக்குற கட்டை, இதுகூடத் தெரியாதா'ன்னு கேட்டா? கூரையைக் காட்டின கதையைவிட இது பெரிய கதையாயிடும். யோசிச்சுப் பாருங்க."

அவள் சொன்னதும் நியாயம், அவர் சொன்னதும் நியாயம். இரண்டு நியாயத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மனிதன் என்ன செய்வான்? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுவான். காலையில் அவள் பல் தேய்க்கும்போது சொல்ல நினைத்தார். அவள் வாய் நிறைய நுரையோடு கண்ணாடியைப் பார்த்துப் பேச்சு ஒத்திகை செய்துகொண்டிருந்தாள். சாயங்காலம் சொல்ல நினைத்தார். அவள் அந்தப் பலகையை அட்டையில் பெரிதாக வரைந்து, பல் தடத்துக்கு ரொம்பப் பதமாக நிழல் கொடுத்துக்கொண்டிருந்தாள். பொருளின் அளவை யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே ஒரு கட்டையோடு காலம் தள்ளிய மனிதர், சொந்த வீட்டில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் அலுவலகத்தில் பளபளவென்று உலோக அளவுக்கட்டைகள் ஒரு பெட்டி வந்து இறங்கின. பிரிவுக்குப் புதிதாக வந்த தலைவி சுறுசுறுப்பானவர், மனுஷியும் நல்லவர்.

"இனிமே இதையே வைங்க சார். பழைய படமெல்லாம் அப்படியே இருக்கட்டும். அந்த மரக்கட்டைக்கு ஓய்வு குடுத்திடலாம். பாவம், யாரோ கடிச்சு வேற வச்சிருக்காங்க."

அவர் கட்டையைத் துடைத்து ஒரு மெல்லிய துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை, தூக்கிப் போடவும் கை வரவில்லை. பையிலேயே கொண்டு போய்க் கொண்டு வந்துகொண்டிருந்தார்.

பெற்றோர் வரும் நாள் வந்துவிட்டது. இதற்கு மேல் தாங்காது என்று சிரிங்க எல்லாருக்கும் முன்னால் பள்ளிக்குப் போய்விட்டார். கூடத்தில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு, டீச்சர் ஒரு ஸ்டூல்மேல் ஏறிக் கயிற்றில் படங்களைக் கிளிப் போட்டு மாட்டிக்கொண்டிருந்தார். இவர் கீழே நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, பாதி முழுங்கிப் பாதி துப்பி எல்லாவற்றையும் சொன்னார். கட்டையை எடுத்துக் காட்டினார்.

டீச்சர் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து, மூலையை விரலால் தடவிப் பார்த்தார்.

"அளவுக்கட்டைன்னு எனக்குத் தெரியும் சார். ஆனா வாயைத் திறக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேனே. அதுவுமில்லாம, கடிச்சது யாருன்னு எனக்கும் தெரியாது. அவ எதுவரைக்கும் போறான்னு பாக்க ஆசையா இருந்துச்சு."

"இப்ப அவகிட்ட சொல்லிடட்டுமா டீச்சர்? மேடை ஏறுறதுக்கு முன்னாடி?"

டீச்சர் கட்டையைத் திருப்பி அவர் கையில் கொடுத்தார்.

"வேண்டாம் சார். அவ பேசி முடிக்கட்டும். எல்லாக் குழுவுக்கும் நான் அட்டையைத் திறப்பேன். பலகையைப் பத்தி எந்த அட்டையிலயும் ஒரு வரிகூட இல்லை. அவளுக்கு நீங்கதான் அட்டை."

"நானா? மேடையிலயா?" அவர் கட்டையை மறுபடி துணியில் சுற்றத் தொடங்கினார். "எனக்குப் பேச வராது டீச்சர்."

"அவளுக்கும்தான் வராதுன்னாங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் மறுபடி ஸ்டூலில் ஏறிக்கொண்டார்.

கூடம் நிறைந்தது. முதல் குழு, மண் குதிரை ஒரு பொம்மை என்றது; அட்டையும் பொம்மை என்றது; சுமாராகக் கை தட்டினார்கள். இரண்டாவது குழு, செம்புக் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் தொப்பி என்றது. அட்டையைத் திறந்ததும் கூரை பிய்ந்துபோகும்படி கை தட்டல். சிரிங்கவின் காதில் எதுவும் விழவில்லை. மூன்றாவது வரிசையில் மனைவிக்குப் பக்கத்தில் பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மகள் மேடை ஏறினாள். ஆரம்பத்தில் குரல் தடுமாறியது, இரண்டு வரி தாண்டியதும் நிமிர்ந்துவிட்டது. ஒரே பலகை என்பதை நிரூபித்தாள். கடித்தது குழந்தை என்பதைக் களிமண் உருண்டையோடு நிரூபித்தாள், பாப்பாவின் அம்மா கூட்டத்திலிருந்து "அட படுபாவிகளா!" என்றாள்.

"எங்க குழுவுல ஒருத்தன் இது அளக்குறதுக்குன்னு சொன்னான்" என்று மகள் தொடர்ந்தாள். "இருக்கலாம். ஆனா என் கேள்வி அது இல்லை. கடிபட்ட பலகையை ராஜா ஏன் தூக்கிப் போடலை? அவர் கேட்டா புதுசா நூறு பலகை வருமே. நான் ரொம்ப யோசிச்சேன். வேலை செய்யும்போது குழந்தையைப் பக்கத்துல உக்கார வச்சுக்க முடியாது, எதையாவது உடைச்சிடும். அதனால குழந்தை கடிச்ச பலகையைப் பக்கத்துல வச்சுக்கிட்டார். அவருக்குப் பாசம். அவ்வளவுதான்."

அவர் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. பதினொரு வயதுப் பெண் அத்தனை பேர் முன்னால் மைக்கில் சொல்கிறாள். அவருக்குக் கண் நிறைந்து எதிரே மேடை கலங்கித் தெரிந்தது. மனைவி அவர் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"எங்களுக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான்" என்று முடித்தாள் மகள். "அந்தப் பலகை இப்ப எங்க இருக்கு?"

"அட்டையைத் திறக்கலாமா?" என்று டீச்சர் கேட்டார். கூட்டம் திறக்கலாம் என்று கத்தியது. "இந்தக் குழுவுக்கு அட்டை இல்லை. ஆள்தான் இருக்கார். வாங்க சார்."

எப்படி எழுந்தார், எப்படி நடந்தார் என்று அவருக்கு நினைவில்லை. மேடையில் மேசைமேல் துணியைப் பிரித்துக் கட்டையை வைத்தார். மகள் கட்டையைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். விரலை மூலையில் வைத்தாள். முகம் மெல்லச் சிவந்தது, கூரையைக் காட்டிய நாளில் சிவந்தது போலவே. பலகை வரைந்த அட்டையைப் பிடித்திருந்த கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கத் தொடங்கியது.

அவர் மைக்கைப் பிடுங்கினார் என்றே சொல்ல வேண்டும்.

"குட்டி, நீ சொன்னதெல்லாம் சரி. எல்லாப் படத்துலயும் இதே கட்டைதான். கடிச்சது குழந்தைதான். மாத்தாம வச்சிருந்ததும் நீ சொன்ன அதே காரணத்துக்குத்தான்." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. அவன் ராஜா இல்லை."

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களாப்பா?"

"நான்தான். இந்தப் படமெல்லாம் எடுத்தது நான்தான்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"நீங்க லைட்டு போடுறவர்தானே?"

"லைட்டைப் போட்டுட்டு, அப்புறம் படம் எடுப்பேன்."

அவள் குனிந்து மறுபடி பல் தடத்தைப் பார்த்தாள். "அப்போ அந்தக் குழந்தை..."

மூன்றாவது வரிசையிலிருந்து அவள் அம்மா எழுந்துவிட்டாள். "வேற யாரு? நீதான்டி! அன்னைக்கு உன் வாயைக் கழுவ நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்! அந்தப் பல்லு விழுந்து எவ்வளவோ நாளாச்சு, தடம் மட்டும் உலகம் பூரா சுத்திட்டிருக்கு!"

கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு மகளின் மேல் விழுவதைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. அவள் கூட்டத்தைப் பார்த்தாள். யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் விதியை நினைவுபடுத்தினார்: தப்புக்கு இரண்டு மடங்கு. கூட்டம் அதோடு நிற்கவில்லை.

டீச்சர் ஒரு வெள்ளை அட்டையை அவளிடம் நீட்டினார். "இதுக்கு அட்டை இல்லாம இருக்கக் கூடாது. நீயே எழுது."

அவள் மேசையில் குனிந்து எழுதினாள். பொருள்: அளவுக்கட்டை. செய்தவர்: என் அப்பா, படம் எடுப்பவர். கடித்தவர்: நான். மற்ற அட்டைகளில் எல்லாம் கடைசியில் 'நிலை' என்று ஒரு வரி இருந்தது.

"நிலைன்னா என்ன எழுதணும்பா?"

"நல்லா இருக்கா, சேதம் ஆயிருக்கான்னு எழுதணும்."

அவள் பேனாவைக் கடித்தபடி யோசித்தாள். பழக்கம் விடுமா? பிறகு எழுதினாள்: 'சேதம் இல்லை.'

டீச்சர் போனை எடுத்து, கட்டையையும் அட்டையையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். அப்பா எட்டிப் பார்த்து, வெளிச்சம் போதாது என்று அவளை ஜன்னல் பக்கமாகத் திருப்பி நிறுத்தினார். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சிரிங்க."

கட்டை சிரிக்கவில்லை. அதைப் பிடித்திருந்தவள் பல் தெரிய, அத்தனை பல்லும் தெரிய, சிரித்தாள்.